மணிக்கட்டுச் சிலுவை: எருசலேம் திருப்பயணக் குழுக்களை அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்



தமிழ்நாட்டிலிருந்து எருசலேமுக்குச் செல்லும் கிறிஸ்தவக் குழுக்களில், அரசு மானியம் பெற்றுச் செல்வோராயினும் சொந்தச் செலவில் செல்வோராயினும், இளையோர் சிலர் பயணத்தின் நினைவாகக் கையில் ஒரு சிலுவையைப் பச்சை குத்திக்கொண்டு திரும்ப விரும்புவது இப்போது அரிய செய்தியன்று. பழைய நகரின் யாஃபா வாசலுக்கு அண்மையிலேயே இதற்கென்று ஒரு கடை இருக்கிறது. அதைப் பற்றிய காணொளிகளைப் புறப்படும் முன்னரே அவர்கள் பார்த்துவிடுகிறார்கள். அனுமதி கேட்டு வருவோருக்குக் குழுத் தலைவர்களிடமிருந்து கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரே வசனமாக இருக்கிறது: லேவியராகமம் 19:28. வசனம் சொல்லப்பட்டதும் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வசனம் இக்கேள்வியை முடித்துவைக்கும் வலிமையுடையதன்று என்பதையும், அதனாலேயே பச்சை குத்திக்கொள்வது விசுவாசத்தின் சிறப்பு அடையாளமாகிவிடாது என்பதையும், திருச்சபையின் சொந்த வரலாற்றிலேயே இதைவிடப் பழுத்த ஓர் அளவுகோல் கிடக்கிறது என்பதையும் உங்கள் முன் வைக்கவே இம்மடல் எழுதப்படுகிறது.

முதலில் வசனம். இறந்தவருக்காக உடலைக் கீறிக்கொள்வதையும் மேனியில் எழுத்துகளைக் குத்திக்கொள்வதையும் அது ஒரே மூச்சில் விலக்குகிறது. அதற்கு முந்தைய வசனங்கள் இரத்தத்தோடு உண்பதையும், நிமித்தம் பார்ப்பதையும், தலைமயிரையும் தாடியின் ஓரங்களையும் மழிப்பதையும் விலக்குகின்றன. அதே அதிகாரத்தின் 19ஆம் வசனமோ இருவகை நூல் கலந்த ஆடையை உடுத்தக் கூடாது என்கிறது. மழித்த முகத்தோடும் பாலியெஸ்டர் கலந்த சட்டையோடும் நின்று 28ஆம் வசனத்தை மட்டும் எடுத்துரைப்பவரிடம், இவற்றுள் எது இன்றும் கட்டுப்படுத்துகிறது, எது கட்டுப்படுத்துவதில்லை, அதை எப்படிப் பிரித்தறிவது என்று ஓர் இளைஞர் கேட்டால், அது எதிர்த்துப் பேசுவதாகாது. மறையறிவு உள்ளவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. புறவினத்து விசுவாசிகள் மோசேயின் சட்டத்தில் எதையெல்லாம் கைக்கொள்ள வேண்டும் என்று எருசலேமில் கூடிய திருத்தூதர்கள் முடிவுசெய்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் பதிவுசெய்கிறது. விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தவை, வேசித்தனம் ஆகியவை அங்கே சொல்லப்படுகின்றன, மேனியில் எழுதுவது சொல்லப்படவில்லை.

யூத மரபே இவ்வசனத்தை எவ்வளவு நுட்பமாக வாசித்தது என்பது கிறிஸ்தவ மேடைகளில் அரிதாகவே பேசப்படுகிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பு, தோலைக் குத்துவதும் அதில் நிலைக்கும்படி மையால் எழுதுவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் தண்டனைக்குரிய குற்றம் என்று வரையறுத்த பின்னர், அங்கே இறைப்பெயர் ஒன்றை எழுதினால்தான் குற்றம் என்று ரபி சிமியோன் கருதியதையும் சேர்த்தே பதிவுசெய்கிறது. அப்பெயர் பிற தெய்வத்தின் பெயர் என்பது பின்வந்த உரையாசிரியர்களின் விளக்கம். பண்டைய கீழைநாடுகளில் மேனியில் எழுதுவது பெரும்பாலும் உடைமையின் அடையாளமாக, அதாவது இந்த உடல் இன்னாருக்குச் சொந்தம் என்று அறிவிப்பதாக இருந்தது. எகிப்தின் எலெபந்தீன் தீவில் வாழ்ந்த யூதக் குடியிருப்பின் பத்திரங்களுள் கி.மு. 410ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, இரு சகோதரர்கள் தம் தாயின் அடிமைகளைப் பங்கிட்டுக்கொண்டபோது, ஓர் அடிமையின் வலக்கையில் அந்தத் தாயின் பெயர் பொறிக்கப்பட்டிருந்ததை எழுதி வைத்திருக்கிறது. இப்பின்னணியைக் கொண்டு, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட மக்கள் மீண்டும் வேறொருவரின் உடைமைக் குறியை ஏற்கக் கூடாது என்பதே தடையின் உட்கருத்து என்று வாதிடும் ஆய்வாளர்களும் உளர். அவ்வாதத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், ஏசாயா 44:5 சொல்வதை ஒதுக்கிவிட இயலாது: மீட்கப்பட்டவருள் ஒருவர் தாம் ஆண்டவருக்கு உரியவர் என்று தம் கையிலேயே எழுதிக்கொள்வார் என்று அவ்விறைவாக்கினர் கண்டிப்புக்காக அன்று, வாக்குறுதியாகவே கூறுகிறார். எசேக்கியேல் 9ஆம் அதிகாரத்தில் நெற்றியில் இடப்படும் அடையாளம் உயிர் காக்கிறது. திருவெளிப்பாட்டில் விலங்கின் முத்திரையை மட்டும் அச்சத்தோடு சுட்டிக்காட்டுவோர், அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆட்டுக்குட்டியின் பெயரும் தந்தையின் பெயரும் மக்களின் நெற்றியில் எழுதப்பட்டிருப்பதைத் தாண்டிச் செல்கிறார்கள். யாருடைய பெயர் என்பதே அங்கே வேறுபாடு.

உடல் தூய ஆவியின் ஆலயம் என்னும் பவுலின் கூற்றும் (1 கொரிந்தியர் 6:19) இப்பேச்சில் அடிக்கடி வருகிறது. அவர் அங்கே பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. மை, ஊசி, அணிகலன் எதைப் பற்றியும் அன்று. அக்கூற்றை உடல் சார்ந்த எல்லாவற்றுக்கும் விரித்துப் பொருள்கொள்ள இடமுண்டு. விரித்தால், காது குத்துவதும் அதற்குள் வந்துவிடும். நகைகளையே விலக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் இந்த வகையில் முரணின்றிப் பேசுகின்றன. ஏனையோர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

கிரேக்க, ரோமானிய உலகத்துக்கு வந்தால் காட்சி இன்னும் கடுமையாகிறது. தப்பியோடிய அடிமைகள், குற்றவாளிகள், சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டோர் ஆகியோரின் முகத்தில் குத்தப்பட்ட எழுத்துக்குக் கிரேக்கர் இட்ட பெயர் ஸ்டிக்மா. அது தண்டனையின் பெயர், இழிவின் பெயர். கலாத்தியருக்கு எழுதிய மடலின் இறுதியில் பவுல் தம் உடலில் இயேசுவின் அடையாளங்களைச் சுமப்பதாகக் கூறும்போது அச்சொல்லின் பன்மையையே ஆள்கிறார். அவர் சுட்டுவது அடிபட்ட தழும்புகளையே என்றாலும், கிறிஸ்துவின் அடிமை என்னும் உரிமைக்குறி அதில் ஒலிப்பதை அக்காலத்து வாசகர் எவரும் தவறவிட்டிருக்க மாட்டார். கி.பி. 316 வாக்கில் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த ஆணை ஒன்று, சுரங்கத்துக்கோ வாட்போர் அரங்குக்கோ தண்டிக்கப்பட்டவரின் முகத்தில் எழுதக் கூடாது, விண்ணக அழகின் சாயலில் அமைந்த முகத்தைச் சிதைப்பது தகாது என்று கூறியது. ஆனால் கையிலும் கெண்டைக்காலிலும் எழுதுவதை அதே ஆணை அனுமதித்தது. இதைப் பச்சை குத்துவதற்கு எதிரான முதல் கிறிஸ்தவச் சட்டம் என்று கொண்டாடுவோர், அவ்வாணை யாரைக் காத்தது, எந்த அளவுக்கு மட்டும் காத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படைவீரருக்கும் இத்தகைய அடையாளம் உண்டு. ரோமானியப் படையில் சேர்ந்தவரின் தோலில் படைக்குறி குத்தப்பட்டது. படையை விட்டு ஓடியவர் பின்னர் திரும்பி வந்தால் அவருக்கு அது மீண்டும் குத்தப்படுவதில்லை, முன்னமே இருப்பது போதும். வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் என்னும் பிரிவினரோடு நிகழ்ந்த வழக்கில் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தினார் இந்தப் படைக்குறியையே சான்றாக எடுத்தாண்டார்: திருச்சபையை விட்டு விலகித் திரும்புகிறவருக்கு மறுமுறை திருமுழுக்குத் தேவையில்லை, ஏனெனில் முதல் முழுக்கின் முத்திரை அழியவில்லை. திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் ஆகிய மூன்றும் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கின்றன என்று கத்தோலிக்க மறைக்கல்வி இன்றும் கற்பிக்கும்போது, அந்தப் போதனையின் அடியில் ஒரு படைவீரனின் பச்சை குத்திய தோல் இருக்கிறது. இதனால் பச்சை குத்துவது அருட்சாதனத்துக்கு நிகர் என்று ஆகிவிடவில்லை. முத்திரை ஏற்கெனவே பெற்றவருக்குத் தோலில் இன்னொன்று எதற்கு என்ற நியாயமான கேள்வியும் இதே போதனையிலிருந்தே எழுகிறது. அக்கேள்வியை லேவியராகமத்தின் துணையின்றியே ஒரு போதகர் கேட்கலாம். கேட்டால் அதற்குக் கனம் இருக்கும்.

எவ்வாறாயினும் கிறிஸ்தவர்கள் குத்திக்கொண்டார்கள். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த காசா நகரத்துப் புரோக்கோப்பியூஸ், மேற்சொன்ன ஏசாயா 44:5க்கு உரை எழுதுகையில், பலர் தம் மணிக்கட்டிலோ கையிலோ சிலுவையையோ கிறிஸ்துவின் பெயரையோ பொறித்துக்கொள்ளும் வழக்கத்தைக் கண்டனம் ஏதுமின்றிச் சான்றாகக் காட்டுகிறார். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருத்தந்தை முதலாம் ஹேட்ரியன் இங்கிலாந்துக்கு அனுப்பிய தூதர்களின் அறிக்கை இம்மடலுக்கு மிக வேண்டிய ஆவணம். 787ஆம் ஆண்டில் திருத்தந்தை பச்சை குத்துவதை முற்றாகத் தடைசெய்தார் என்று பலராலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது, அவ்வறிக்கையின் பாதியை மட்டும் படித்ததன் விளைவு. மேனியில் சாயம் ஏற்றிக்கொள்ளும் இவ்வேதனையை ஒருவர் கடவுளின் பொருட்டு ஏற்றால் அதற்குப் பெரும் கைம்மாறு உண்டு என்றும், புறச்சமயத்தாரின் மூடநம்பிக்கையால் செய்துகொண்டால் அதனால் பயன் ஏதுமில்லை என்றும் அது இரண்டையும் பிரித்துப் பேசுகிறது. தோலில் உள்ள மையை அந்தத் தூதர்கள் எடைபோடவில்லை. அது யார் பொருட்டு ஏற்கப்பட்டது என்பதையே எடைபோட்டார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் பகுப்பு, இன்று நம் சபைகளில் வழங்கும் ஒற்றை வசனத் தீர்ப்பைவிட மேலானது என்பதே இம்மடலின் துணிபு.

அந்த அளவுகோலை எருசலேமிலேயே வைத்துப் பார்க்கலாம். அலெப்போவில் ஆங்கில வணிகர்களுக்குக் குருவாக இருந்த ஹென்றி மாண்ட்ரெல், 1697ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு எருசலேம் சென்றபோது, பெரிய வெள்ளிக்கு மறுநாள் காலையில் திருப்பயணிகள் கையில் குறி இட்டுக்கொண்டதை உடனிருந்து பார்த்து எழுதிவைத்தார். வேண்டிய உருவம் செதுக்கிய மரக்கட்டையைக் கரித்தூளில் ஒற்றிக் கையில் பதிக்கிறார்கள். மெல்லிய ஊசிகள் இரண்டை நெருக்கிக் கட்டி, வெடிமருந்தும் மாட்டுப் பித்தமும் கலந்ததாக அவருக்குச் சொல்லப்பட்ட மையில் எழுதுகோலைப் போல அடிக்கடி தோய்த்து, பதிந்த கோடுகளின் மேல் நெருக்கமாகக் குத்திச் செல்கிறார்கள். முடிந்ததும் திராட்சை இரசத்தால் கழுவிவிடுகிறார்கள். யாஃபா வாசலுக்கு அருகில் இன்று இத்தொழிலைச் செய்யும் ரஸூக் குடும்பத்தார் எகிப்திலிருந்து வந்த கொப்து கிறிஸ்தவ மரபினர். ஏறத்தாழ 700 ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவருவதாகச் சொல்லும் அவர்களிடம் ஒலிவ மரத்தில் செதுக்கிய பழைய அச்சுக் கட்டைகள் இன்னும் உள்ளன. ஊசி மட்டும் மின்சாரத்துக்கு மாறியிருக்கிறது. அக்கட்டைகளின் உருவங்களை ஆய்வாளர் ஜான் கார்ஸ்வெல் 1950களில் நூலாகத் தொகுத்தார். உயிர்த்தெழுந்த கிறிஸ்து, அன்னை மரியா, நாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜ், பெரிய சிலுவையின் நான்கு மூலைகளிலும் சிறு சிலுவைகள் அமைந்த எருசலேம் சிலுவை, அடியில் பயணம் மேற்கொண்ட ஆண்டு: இவை அவற்றுள் சில. ஆண்டைப் பொறிப்பதில் ஒரு கணக்கு இருந்தது. வாழ்நாளில் ஒருமுறை, பல மாதக் கடற்பயணத்துக்கும் கொள்ளை நோய்க்கும் தப்பி வந்து சேர்ந்தவருக்கு, ஊர் திரும்பியதும் காட்ட வேறு சான்று அதிகம் இல்லை. ஆர்மேனியரிடையே எருசலேம் சென்று வந்தவருக்குத் தனிப் பட்டப்பெயரே வழங்கியது.

அந்தச் சான்று இருபுறமும் வெட்டக்கூடியது என்பதை இரண்டு பிரித்தானியப் பயணிகள் காட்டுகிறார்கள். 1596இல் எருசலேம் சென்ற ஃபைன்ஸ் மோரிசன், உடன் வந்தோர் கையில் சிலுவை குத்திக்கொண்டபோது தாமும் தம் சகோதரரும் விலகிக்கொண்டதாக எழுதுகிறார்; வேதத் தடையை அவர் காரணம் காட்டவில்லை. பல அரசுகளின் எல்லைகளைக் கடந்து வீடு திரும்ப வேண்டியவர்கள், தம்மை இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் குறியை உடலில் சுமக்கத் துணியவில்லை என்பதே அவர் சொன்ன சாக்கு. 1612இல் சென்ற ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் லித்கோ, கத்தோலிக்க வழக்கங்களைப் பழிப்பதில் சலியாத புரொட்டஸ்டண்ட். ஆயினும் எருசலேம் குறியைக் குத்திக்கொண்டார், அத்துடன் நில்லாமல் தம் அரசர் ஜேம்ஸின் மகுடத்தையும் சேர்த்துக் குத்தச் செய்தார். 1620இல் ஸ்பெயினின் மலாகாவில் ஒற்றரென்று பிடிபட்டு வதைக்கப்பட்டபோது, அந்தக் குறி இருந்த சதையைக் கிழித்தெறியும்படி ஆணையிட்டார்கள் என்பது அவரே எழுதியது. அவர் கையில் இருந்தது எந்த அளவுக்குக் கிறிஸ்துவின் அடையாளம், எந்த அளவுக்கு அரசரின் அடையாளம் என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

மோரிசன் தப்பிக்கொள்ள நினைத்த அதே விளைவை வேண்டியே ஏற்பவர்கள் எகிப்தின் கொப்துக்கள். வலது மணிக்கட்டின் உட்புறத்தில், பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, ஒரு சிறு சிலுவை; நான்கு கைகளும் ஒரே நீளம், வேலைப்பாடு ஏதுமில்லாத பச்சை நிறக் கோடுகள். இஸ்லாம் பச்சை குத்துவதை விலக்குவதால், அந்நாட்டில் அக்குறி யாருடையது என்பதில் ஐயம் எழ வாய்ப்பில்லை. தேவாலயங்கள் குண்டுவெடிப்புகளுக்கு உள்ளான ஆண்டுகளில் வாயிற்காவலர் நுழைவோரின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து உள்ளே விட்டார்கள். அதே மணிக்கட்டு வேலை கேட்டுச் செல்லும் இடத்திலும் கலவரத் தெருவிலும் மறைக்க முடியாததாக இருக்கிறது. ஒட்டோமானியர் ஆட்சியில் வாழ்ந்த மத்திய பொஸ்னியாவின் கத்தோலிக்கப் பெண்கள், பெரும்பாலும் பதின்பருவத்தில், மார்ச் 19ஆம் நாள் புனித யோசேப்பு திருநாளை ஒட்டி, கரியும் தேனும் தாய்ப்பாலும் கலந்த மையால் கைகளிலும் மார்பிலும் சிலுவைகளைக் குத்திக்கொண்டார்கள். அவ்வுருவங்களுள் சில கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழங்குடி வழக்கத்தின் எச்சங்கள் என்று கருதப்படுவது, ஹேட்ரியனின் தூதர்களைச் சற்றே நெளியவைத்திருக்கும். எத்தியோப்பியாவிலும் எரித்திரியாவிலும் சிலுவை பெண்களின் நெற்றியிலேயே இருக்கிறது.

கட்டாயத்தின் பேரில் விழுந்த குறிகளும் இவ்வரலாற்றுக்குள் உண்டு. திருவுருவங்களை வணங்குவதை எதிர்த்த பைசாந்தியப் பேரரசர் தியோஃபிலோஸ், 9ஆம் நூற்றாண்டில், தம் கொள்கைக்குப் பணியாத தியோடோர், தியோஃபானிஸ் என்னும் துறவிச் சகோதரர் இருவரின் முகத்தில் அவர்களை இழித்துரைக்கும் பன்னிரண்டு செய்யுள் வரிகளைக் குத்தச் செய்தார்; திருச்சபை அவர்களை எழுதப்பட்டவர்கள் என்ற சிறப்புப் பெயராலேயே புனிதர் வரிசையில் வைத்துப் போற்றுகிறது. 1915ஆம் ஆண்டின் ஆர்மேனியப் படுகொலையில் உயிர் தப்பி, பாலைவனக் குடிகளின் வீடுகளில் சேர்க்கப்பட்ட பெண்கள் பலரின் முகத்திலும் கையிலும் அக்குடிகளின் நீலக் குறிகள் குத்தப்பட்டன. மீட்கப்பட்டுத் தம் மக்களிடம் திரும்பியபோது அதை வெட்கமாக எண்ணி மறைத்தவர்களும் அழிக்க முயன்றவர்களும் இருந்தார்கள். பேரரசர் எழுதியதை மகுடமாகக் கொண்டாடிய அதே கிறிஸ்தவ உலகம், அப்பெண்களின் முகத்தை அப்படிப் பார்க்கவில்லை. இது பற்றித் திருச்சபைகள் போதிய அளவு வெட்கப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இவற்றோடு ஒப்பிட, கோவில்பட்டியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ கிளம்பி, விமானத்தில் போய்ப் பத்து நாளில் திரும்பும் இளைஞரின் மணிக்கட்டுச் சிலுவைக்கு விலை குறைவு. அதைச் சொல்வது அவரைப் பழிப்பதற்காக அன்று. கொப்துவின் கையில் உள்ள அதே வடிவம் அவர் கையில் ஏறும்போது, அதே பொருளையும் தானாகவே கொண்டுவந்துவிடாது. அது பயண நினைவுப்பொருளாகலாம், அழகுப் பொருளாகலாம், உண்மையான அர்ப்பணமும் ஆகலாம். இம்மூன்றுள் எது என்று உடன்வரும் குரு அமர்ந்து கேட்பதற்குத்தான் அழைக்கப்பட்டிருக்கிறார். நண்பர் நால்வரும் குத்திக்கொண்டதால் என்று விடை வந்தால், வேண்டாம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. இறந்துபோன தாயின் நினைவாக என்று வந்தால், லேவியராகமத்தின் வசனம் அங்கேதான் உயிரோடு பேசத் தொடங்குகிறது. துக்கத்தைத் தோலில் எழுதுவது ஆறுதலா என்று அவரோடு சேர்ந்து எண்ணிப்பார்க்கலாம்.

தமிழ் மண்ணின் திருச்சபைக்கு உடலில் அணியும் குறிகளைப் பற்றி முடிவெடுப்பது புதிதன்று. 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில், திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன், இயேசு சபையார் இங்கே ஏற்றுக்கொண்டிருந்த உள்ளூர் வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். நெற்றியில் திருநீறு இடுவதும், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும் அவற்றுள் அடங்கும். ஆனால் தாலியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. சிலுவையோ ஆண்டவரின் அல்லது அன்னை மரியாவின் உருவமோ பொறித்த தாலியைக் கட்டிக்கொள்ளலாம் என்று வழிவிட்டார். இவ்வாணை கிளப்பிய நீண்ட சச்சரவு 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்டின் தீர்ப்போடுதான் ஓய்ந்தது. அச்சச்சரவில் இருதரப்பிலும் குறைகள் மிகுதி, அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. கவனிக்கத்தக்கது, கடுமைக்குப் பேர்போன அத்தூதரும் அணியும் செயலை விட்டுவிட்டு, அதில் யாருடைய உருவம் இருக்கிறது என்பதையே பார்த்தார் என்பது. இன்று சிலுவையோ புறாவோ பொறித்த தாலியை ஆலயத்தில் ஆசீர்வதித்து எடுத்துக் கொடுக்கும் கைகள், சிலுவை பொறித்த தோலைக் கண்டு பதறுவதற்குக் காரணம் வேதத்தில் இருப்பதைவிட, பச்சை குத்துவோர் யார், குத்திக்கொள்வோர் யார் என்பது பற்றிய நம் சமூகத்தின் பழைய எண்ணத்தில் அதிகம் இருக்கலாம். குறவர் பெண்கள் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்திய காலத்தில் அது நாட்டுப்புறத்தாரின் அணி. படித்த கிறிஸ்தவ வீடுகள் அதிலிருந்து விலகி நின்றதில் பக்தியோடு அந்தஸ்தும் கலந்திருந்தது. வேல், ஓம், குலதெய்வத்தின் பெயர் ஆகியவற்றைக் கையில் ஏந்தி சபைக்கு வந்து திருமுழுக்குக் கேட்போரிடம் அதை அழித்துவிட்டு வரும்படி சொல்வதும் இந்த எண்ணத்தின் நீட்சியே. லேசரால் அழிப்பது பல மாதங்கள் பிடிக்கும், செலவும் வலியும் மிகுந்த சிகிச்சை. தண்ணீருக்கு முன் இப்படி ஒரு படியை வைக்கும் உரிமையைத் திருத்தூதர்கள் யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இனி, புறப்படும் முன் கூட்டத்தில் சொல்லப்பட வேண்டிய சில உலகியல் செய்திகள் உள்ளன. இவை மறைநூல் வாதங்களைவிட இளையோரை நிதானிக்கச் செய்யும். மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு ஆள் எடுக்கும் விதிகள் சமயக் குறிகளைப் பச்சை குத்தியிருப்பதை ஏற்கின்றன. ஆனால் முன்கையின் உட்புறத்தில் என்றால் வணக்கம் செலுத்தாத இடக்கையில் மட்டும், அதுவும் அப்பகுதியின் கால் பங்குக்கும் குறைவான அளவில் இருக்க வேண்டும் என்கின்றன. கொப்து மரபைப் பின்பற்றி வலது மணிக்கட்டில் குத்திக்கொள்ளும் இளைஞர் அவ்வேலைக்கு முயல்பவராயின், அவருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பச்சை குத்திக்கொண்டவரிடம் 12 மாதங்களுக்கு இரத்தம் பெறுவதில்லை என்பது இந்திய இரத்த வங்கிகளின் விதி. ஆலயத்தில் இரத்ததான முகாம் நடத்தும் வாலிபர் சங்கத்தார் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவரைப் பெற்றோரின் இசைவின்றிக் கடை வாசலுக்குக்கூட அழைத்துச் செல்லலாகாது. ஊசி புதியதா, மை எத்தகையது என்று கேட்பதில் நம்பிக்கைக் குறைவு ஏதுமில்லை.

பயண நிரலும் இதில் பொருட்படுத்தத்தக்கது. புதிதாகக் குத்திய தோல் ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். அதுவரை அதை நீரில் அமிழ்த்துவது தொற்றுக்கு வழி. நம் குழுக்களோ எருசலேமோடு சாக்கடலில் மிதப்பதையும் யோர்தானில் இறங்கித் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பதையும் ஒரே பயணத்தில் சேர்த்துவைக்கின்றன, பல நிரல்களில் எருசலேமுக்குப் பின்னரே இவ்விரண்டும் வருகின்றன. அனுமதிப்பதென்று குழு முடிவுசெய்தால், ஆற்றிலும் கடலிலும் இறங்கும் நாள்கள் முடிந்த பின்னர் எருசலேமில் ஒரு மாலையை அதற்கென ஒதுக்கும்படி பயண நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று. அந்த மாலையில் கடைக்கு வராமல் திருக்கல்லறைத் தேவாலயத்திலேயே அமர்ந்திருக்க விரும்புவோருக்கும் உடன் இருக்க ஒரு குரு வேண்டும். ஆகவே குருக்கள் இருவர் செல்லும் குழுக்களில் ஒருவர் இங்கும் ஒருவர் அங்கும் நிற்பதே சரியான ஏற்பாடு.